திரும்பினால் டக் டக், நேரே போனால் உர்ர்

காரின் முன்பக்கம் சத்தம் போடுகிறது, விற்றுவிடலாமா என்று திருவொற்றியூர் நண்பர் ஒருவர் கேட்டதற்கான பதில் இது. அவருடையதும் என்னுடையதும் ஒரே மாடல்: 2011 பெட்ரோல் ஹாட்ச்பேக். என் வண்டி 1,40,000 கிலோமீட்டர் தாண்டியது. மைலேஜ், டிக்கி, ஏசி எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. இன்ஜினில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. எரிச்சல் முழுக்க முன் சக்கரங்களிடம்தான்.

எந்த பாகம் போயிருக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், சத்தம் எப்போது வருகிறது, எப்போது மாறுகிறது என்று பாருங்கள். காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள், இன்ஜினை மட்டும் அணைக்க வேண்டாம். இன்ஜின் வேகம் இறங்கியதும் சத்தமும் இறங்கினால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பக்கம் தேடுங்கள். அப்படியே தொடர்ந்தால் சக்கரம், டயர், பேரிங். கிளட்சை மிதித்தால் மட்டும் கரகரத்தால் கிளட்சின் ரிலீஸ் பேரிங். கிளட்சை விட்டு நியூட்ரலில் நிற்கும்போது வந்து, மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் உள்ளே இன்புட் ஷாஃப்ட் பேரிங். இந்தக் கடைசி ஒன்றுதான் பெரிய செலவு.

இப்போது அந்த டக் டக். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வந்து, வேகம் கூடக்கூட அடி நெருங்கினால், ஆக்சிலின் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளி ஜாயிண்ட்தான், அதாவது சக்கரத்துப் பக்கம் இருப்பது. கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட் இப்படி அடிக்காது; முடுக்கும்போது வண்டியை உதற வைக்கும். வெளி ஜாயிண்ட் தானாகத் தேய்வதில்லை. அதன் மேலுள்ள ரப்பர் உறை, அதாவது பூட், கிழிகிறது, சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கிறது, மணல் உள்ளே போகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தினமும் போகிற வண்டிக்கு மணலுக்கா பஞ்சம்?

எந்தப் பக்கம் என்று உள்ளே உட்கார்ந்து காதால் தீர்மானிக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். ரிம்மின் உட்புறத்திலும் வீல் ஆர்ச்சிலும் வரிசையாகக் கருப்பு கிரீஸ் தெறித்திருந்தால் அந்தப் பக்கம்தான். பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள், வெடிப்பு பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும்.

கிழிந்திருக்கிறது, ஆனால் சத்தம் இன்னும் வரவில்லை என்றால் தப்பித்தீர்கள். ஜாயிண்டைக் கழற்றிக் கழுவி, பூட் கிட்டோடு வரும் மாலிப்டினம் கலந்த கிரீஸ் பாக்கெட் முழுவதையும் போடச் சொல்லுங்கள். டப்பாவிலிருந்து எடுக்கும் சாதாரண கிரீஸ் வேண்டாம். கிளாம்ப் எஃகுப் பட்டையாக இருக்க வேண்டும், கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும். ஆக்சிலைக் கழற்றாமலே ஒட்டிவிடும் பூட்டும் கிடைக்கிறது, ஒட்டு சீக்கிரம் விடும், காசு வீண். டக் டக் ஏற்கெனவே வந்துவிட்டதா? ஜாயிண்டுக்குள் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. புது கிரீஸ் சில வாரம் வாயை அடைக்கும், அவ்வளவுதான். ஜாயிண்டை மாற்றத்தான் வேண்டும். கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலை உருவினால் ஆயில் கொட்டும். ஆயில் சீலையும் அப்போதே மாற்றி, அளவு பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

இதில்தான் கோபம் வருகிறது. டக் டக் என்று சொன்னதுமே ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர்) போயிடுச்சு சார் என்று இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லும் கடைகள் இருக்கின்றன. ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடித்திருக்கும் மவுண்ட் போனால் வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் முனகும். ஸ்பிரிங்கில் கை வைத்தால் முறுக்கிக்கொண்டு சட்டென்று துள்ளுவது தெரியும். குறைந்த வேகத்தில் சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் கடகடவென்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் உள்ள சின்ன இணைப்புக் கம்பியான லிங்க் ராடு, அது மலிவு. இது எதுவும் இல்லாமல் ஸ்ட்ரட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அதற்கும் முன்னால் வீல் நட்டு இறுக்கமாக இருக்கிறதா, டயர் பள்ளத்தில் ஜல்லி மாட்டியிருக்கிறதா, பிளாஸ்டிக் வீல் கேப் ஆடுகிறதா என்று பாருங்கள்.

நேரே போகும்போது உர்ர் என்று எழுந்து வேகத்தோடு கூடினால் வீல் பேரிங். தேங்கிய தண்ணீரில் ஓடிய வண்டிக்கு இது வரும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மணலியிலோ மாட்டியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். லேசாக வலது பக்கம் ஒடித்தால் எடை இடது சக்கரத்தில் ஏறும். சத்தம் கூடினால் இடது பேரிங். ஜாக்கி தூக்கி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷனின் பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கின் டை ராட் எண்ட். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்க விடாதீர்கள். பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு ஹப்பை (பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதி) கொண்டுபோங்கள். அடித்து ஏற்றிய புது பேரிங் சீக்கிரமே உறும ஆரம்பிக்கும். ஹப் நட்டு புதிதாகப் போட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

பிரேக் கரகரப்பைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். கடற்காற்றில் இரவு முழுக்க நின்ற வண்டியின் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும், காலையில் நாலைந்து முறை மிதித்தால் போய்விடும். போகாவிட்டால் பிரேக் பேடைப் பாருங்கள். கனம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மாற்றுங்கள். ஒரு பேடு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பேடை அழுத்தும் காலிப்பர் வழுக்கி நகர வேண்டிய பின் (ஊசி) இறுகியிருக்கிறது. பிரேக்கே மிதிக்காமல் திடீரென்று இரும்பு கிறீச்சிட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே ஜல்லி மாட்டியிருக்கும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விழுந்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், மேலே உள்ளவற்றில் பாதி வண்டியின் குற்றமல்ல, சாலையின் குற்றம். ஆனாலும் இந்த மாடலின் ரப்பர் பூட்டுகள் வட சென்னைப் பக்கம் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவதில்லை. இன்ஜினை இவ்வளவு அருமையாகச் செய்தவர்கள் இந்த ரப்பரில் கோட்டை விட்டது ஆறவே இல்லை. ஆகவே செகண்ட் ஹாண்டில் இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தண்டையார்பேட்டைக்கு வடக்கே வீடு என்றால் வேண்டாம். நண்பருக்கு மட்டும்: விற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை டார்ச்சை எடுத்துக்கொண்டு இடது பூட்டில் தொடங்குங்கள்.