56 டாலர் டி.என் விசாவும் 1,400 டாலர் கன்சல்டன்ட்டும்

மொதல்லயே சொல்லிடுறேன், இது ரெண்டு விஷயத்துக்கான ரிவ்யூ. ஒண்ணு அமெரிக்காவோட டி.என் வேலை விசா, அதுக்கு அஞ்சுக்கு நாலரை. இன்னொண்ணு அதை வாங்கித் தர்றேன்னு எங்கிட்ட 1,400 கனேடியன் டாலர் கறந்த ஒரு கன்சல்டன்ட், பேரு வேண்டாம், அவருக்கு அரை. அந்த அரையும் ஆஃபீஸ்ல காபி நல்லாருந்துச்சுங்கறதுக்காக.

நமக்கு ஊரு கோயம்புத்தூர், பி.இ ஈசிஇ. சென்னைல இருந்தப்ப கம்பெனி ரெண்டு தடவ அமெரிக்கா ஹெச்-1பி வேலை விசாவுக்கு போட்டாங்க, ரெண்டு தடவையும் லாட்டரில பேரு வரல. வருஷத்துக்கு 85,000 சீட்டு, அதுக்கு எத்தன பேரு முட்டி மோதுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். சரி போங்கடான்னு 2016ல கனடா பிஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கி டொரொண்டோ பக்கம் வந்தாச்சு, 2022ல சிட்டிசன்ஷிப்பும் வந்துச்சு, இந்தியன் பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணி கேன்சல் முத்திரையோட திருப்பி வாங்குன அன்னிக்கு வீட்ல யாரும் சரியா சாப்பிடல, அது தனி கதை. அடுத்த வருஷமே டெக்ஸாஸ்ல ஒரு கம்பெனில இருந்து ஆஃபர், ஹெச்ஆர் அம்மா ரொம்ப சாதாரணமா "நீங்க கனடா சிட்டிசன்தானே, டி.என்ல வந்துடுங்க"ன்னாங்க. நாலு வருஷம் லாட்டரி லாட்டரின்னு ஏங்குன ஆளுக்கு அதைக் கேட்டப்ப சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

தெரியாதவங்களுக்கு: அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணும் போட்டு 1994ல அமலுக்கு வந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்துல சரக்கு மட்டும் இல்ல, படிச்ச ஆளுங்களும் வேலைக்குப் போய் வரலாம்னு ஒரு பிரிவு வெச்சாங்க, அதுதான் டி.என். 2020 ஜூலைல நாஃப்டா போயி அதுக்கு பதிலா யுஎஸ்எம்சிஏங்கற ஒப்பந்தம் வந்துச்சு, டி.என் அப்படியே தங்கிருச்சு. லாட்டரி இல்ல, கோட்டா இல்ல. கனடா சிட்டிசன்னா நேரா பார்டருக்கோ, அமெரிக்க இமிக்ரேஷன் கவுன்ட்டர் இருக்குற கனடா ஏர்போர்ட்டுக்கோ பேப்பரோட போயி நின்னா அங்கயே முடிவு சொல்லிருவாங்க. மெக்சிகோக்காரங்க மட்டும் தூதரகத்துல விசா அடிச்சுட்டு வரணும். பிஆர் கார்டு மட்டும் இருக்கவங்க எனக்கு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, செல்லாது, சிட்டிசனா இருக்கணும்.

இப்ப முக்கியமான மேட்டர். டி.என்னுக்கு 60 சொச்சம் தொழில் உள்ள ஒரு லிஸ்ட் இருக்கு, அந்த லிஸ்ட்தான் எல்லாமே. இஞ்சினியர் இருக்கு, அக்கவுன்டன்ட், நர்ஸ், லைப்ரரியன் எல்லாம் இருக்கு, காடு வளர்க்கறவருக்குக் கூட இடம் இருக்கு, ஆனா புரோகிராமர்னு ஒரு வார்த்தை கெடையாது. கம்ப்யூட்டர்ங்கற பேரோட இருக்குறது 'கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்' மட்டும்தான். நம்ம கன்சல்டன்ட் என்ன பண்ணாரு, பார்டர்ல காட்ட வேண்டிய கம்பெனி லெட்டருக்கு, யாருக்கோ எழுதுன லெட்டர எடுத்து பேரை மட்டும் மாத்தி, பதவி 'சாஃப்ட்வேர் டெவலப்பர்'னு போட்டு, அடியில பத்து வரி முழுக்க கோடிங் கோடிங்னு எழுதி அனுப்பிட்டாரு. டிகிரி எவாலுவேஷன், அதாவது இந்திய டிகிரி இங்கத்ததுக்கு சமம்னு சொல்ற பேப்பர், வேணுமான்னு நானே கேட்டேன், "சார் நீங்க கனடா சிட்டிசன், அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு ஒரே போடு.

கேட்டாங்க. பெட்டி எல்லாம் கட்டி, அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டு, ஏர்போர்ட்ல போயி உக்காந்தா அந்த ஆபீசர் லெட்டர ரெண்டு நிமிஷம் படிச்சாரு, இந்த வேலை லிஸ்ட்ல எங்க இருக்குன்னு காட்டுன்னாரு. டிகிரி இந்தியாவுது, இங்கத்த டிகிரிக்கு சமம்னு பேப்பர் எங்கன்னாரு. எங்கிட்ட ரெண்டுக்கும் பதில் இல்ல. மரியாதையாதான் பேசுனாரு, அப்ளிகேஷன நீங்களே வித்ட்ரா பண்ணிட்டு சரியா எழுதிட்டு வாங்கன்னு ஒரு பேப்பர குடுத்து அனுப்பிட்டாரு. அவர்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவர் எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணிருப்பேன். டாக்ஸில திரும்பி வர்றப்ப கன்சல்டன்ட்டுக்கு போன் அடிச்சா "அந்த ஆபீசர் மூடு சரியில்ல போல, வேற டைம்ல ட்ரை பண்ணுங்க"ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

அப்புறம் நானே உக்காந்தேன். வேலைக்கு எடுத்த மேனேஜர்கிட்ட பேசி, நெஜமா நான் என்ன வேலை பார்க்கப்போறேன்னு நேரத்தோட பிரிச்சு எழுத சொன்னேன், பாத்தா பாதிக்கு மேல யூசருங்க தேவைய கேக்கறது, சிஸ்டம் டிசைன், டெஸ்டிங் பிளான், கோடிங் கம்மிதான். அதாவது வேலை ஆரம்பத்துலருந்தே அனலிஸ்ட் வேலைதான், லெட்டர்தான் தப்பு. எத்தன வருஷம், சம்பளம் எவ்ளோ, என் படிப்பு இதுக்கு எப்படி பொருந்துதுன்னு தெளிவா ரெண்டு பக்கம். டிகிரிக்கு எவாலுவேஷன் தனியா வாங்குனேன். (பொய்யா டைட்டில் மாத்தி எழுதிடலாமான்னு யோசிக்கறவங்க வேண்டாம், சிக்குனா வாழ்நாளுக்கும் அமெரிக்கா பக்கம் தலை வெக்க முடியாது.)

ஒரு செவ்வாக்கெழம காலைல ஃபோர்ட் ஈரி போயி பீஸ் பிரிட்ஜ் தாண்டி பஃபலோ பக்கம் நின்னேன். முக்கால் மணி நேரம். நாலு கேள்வி, 50 டாலர் ஃபீஸ், ஐ-94ங்கற என்ட்ரி பதிவுக்கு அப்ப 6 டாலர், மூணு வருஷம் குடுத்தாங்க. வழக்கமா லாட்டரிக்கு காத்திருந்தே தலை நரைக்கும், இங்க காபி ஆறதுக்குள்ள முடிஞ்சுது.

அப்ப ஏன் முழு அஞ்சு இல்லன்னா, இது டெம்பரரின்னு மறக்கக் கூடாது. எத்தன தடவ வேணும்னாலும் புதுப்பிக்கலாம், ஆனா ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போற எண்ணம் இருக்குன்னு காட்டணும், ஹெச்-1பி மாதிரி கையில வெச்சுகிட்டே பயமில்லாம கிரீன் கார்டு போட முடியாது. வேலை போச்சுன்னா அதிகபட்சம் 60 நாள். கம்பெனி மாறுனா மறுபடி முதல்லருந்து. ஒப்பந்தத்தையே 2026 ஜூலைல மூணு நாடும் உக்காந்து மறுஆய்வு பண்ணணும்னு அதுலயே எழுதி வெச்சிருக்காங்க, ஸோ ஒரு கண்ணு அங்கயும் வெச்சுக்கோங்க.

அதவிட பெருசு வீட்டம்மா விஷயம். அவ இன்னும் இந்தியன் பாஸ்போர்ட்தான், அதனால பார்டர்ல நேரா வர முடியாது, தூதரகத்துல டி.டி விசா (டி.என் ஆளுங்க குடும்பத்துக்கானது) அடிச்சு வரணும். டி.டில படிக்கலாம், வேலைக்கு போகக் கூடாது. "ஏங்க, இங்க அஞ்சு வருஷம் மாடா உழைச்சு வாங்குன வேலைய விட்டுட்டு அங்க வந்து நான் மறுபடி சும்மா உக்காரணுமா?"ன்னா. என்கிட்ட பதில் இல்ல, இப்போதைக்கு நான் மட்டும் அங்க, மாசம் ஒரு தடவ டிக்கெட் போட்டு வந்துட்டு போறேன். அரை மார்க் குறைச்சது இதுக்குத்தான், அவளக் கேட்டா ரெண்டு குறைப்பா.

கன்சல்டன்ட்கிட்ட காசை திருப்பிக் கேட்டு மூணு மெயில் போட்டேன். நேத்து பதில் வந்துச்சு, அடுத்த ரினியூவலுக்கு 20 சதவீதம் தள்ளுபடி தர்றாராம்.