சாதாரண தரக் கணித வினாத்தாள் தொகுப்பு: வாங்கலாம், ஆனால் விடைப் பகுதியை நம்பாதீர்கள்

ஹட்டனில் புத்தகக் கடையொன்றில் விற்கும் இந்தத் தொகுப்பில் க.பொ.த சாதாரண தரக் கணித வினாத்தாள்கள் ஆண்டுவாரியாக உள்ளன. தலைப்புவாரியாகப் பிரிக்காததே இதன் பலம். முழுத்தாளையும் நேரம் வைத்துச் செய்யலாம்: முதலாம் தாளுக்கு 2 மணித்தியாலம், இரண்டாம் தாளுக்கு 3.

குறை விடைப் பகுதியில்தான். இறுதி விடை மட்டுமே இருக்கிறது. பரீட்சையில் படிமுறைக்கும் புள்ளி உண்டு. கடைசி வரியில் கூட்டல் பிழைத்தாலும் எல்லாப் புள்ளியும் போகாது. இந்தப் புத்தகத்தை வைத்துத் திருத்தினால் அந்தக் கணக்குக்குப் பூச்சியம்தான் விழும், பிள்ளை வீணாக மனம் உடைந்துபோகும். ஆகவே எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று காட்டும் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டத்தையும் சேர்த்துப் போட்டோக்கொப்பி எடுங்கள்.

கேத்திரகணித உருக்கள் சுருங்கி, எழுத்துகள் கோட்டோடு ஒட்டிக்கிடக்கின்றன. வெள்ளைத்தாளில் பெரிதாக வரைந்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

கணிதம் தெரியாத அம்மா அப்பாவும் உதவலாம். விடைப் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். இரண்டாம் தாளில் A, B என்ற இரு பகுதிகளிலும் பகுதிக்கு 5 வினா செய்திருக்கிறதா என்று எண்ணுங்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்த களைப்பிலும் இது முடியும். மடக்கை அட்டவணை இதில் இல்லை, தனியே வாங்க வேண்டும்.