11-ஆ, 12-ஆ? மூன்றாம் கம்பியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கிட்டார் கம்பி வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பதும் நாம் சொல்வதும் ஒரே ஓர் எண்தான்: 10, 11 அல்லது 12. அது எல்லாவற்றிலும் மெல்லிய முதல் கம்பியின் தடிமன். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்ற கணக்கு. மற்ற ஐந்து கம்பிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 12-53 செட்டை, அதாவது முதல் கம்பி 12, ஆறாம் கம்பி 53 என்றிருப்பதை, பல ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைப் பலகையில் பிடித்திருக்கும் கட்டை) பழுது பார்த்ததிலிருந்து 11-52 செட்டில் இரண்டு மழைக்காலங்களைக் கடந்தாயிற்று. முதல் கம்பி எந்த எண்ணாக இருந்தாலும் கை அதற்குப் பழகிவிடும். பழகாதது மூன்றாம் கம்பி ஒன்றுதான்.

தெரிந்த தம்பி ஒருவர் அண்மையில் புதிய டிரெட்நாட், அதாவது பெரிய உடல் கொண்ட கிட்டார், வாங்கியிருக்கிறார். "அண்ணா, 11 போடவா, 12 போடவா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை ஒரு வரியில் அடக்க முடியவில்லை.

என் வாசிப்பு என்ன மாதிரி என்று தெரிந்தால்தான் நான் சொல்வதன் அளவு புரியும். ஊர் தூத்துக்குடி. என் அக்கா ஆலயத்தில் கீர்த்தனை பாடுபவர்; நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவன். அக்காவின் ஸ்ருதி 5 கட்டை, அதாவது G. கிட்டாரின் மூன்றாம் கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வருவதும் அதே G, 196 ஹெர்ட்ஸ். அக்காவின் மத்ய ஸ்தாயி ஷட்ஜம் அப்படியே அந்தக் கம்பியில் இருக்கிறது. நான்காம் கம்பி D, அதற்குக் கீழுள்ள பஞ்சமம். இரண்டாம் கம்பி B, அந்தர காந்தாரம். ஐந்தாம் கம்பி A, சதுஸ்ருதி ரிஷபம். முதல் கம்பியும் ஆறாம் கம்பியும் E, சதுஸ்ருதி தைவதம். ஸ ரி க ப த: மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் விரலே படாமல் ஆறு கம்பிகளில் வந்துவிடுகின்றன! ஸ்பெயினில் உருவான வாத்தியத்தின் வழக்கமான சுருதியமைப்பு, 5 கட்டையில் பாடும் ஒருவருக்கு மோகனத்தைத் தட்டில் வைத்துத் தருகிறது. இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து எனக்கு இந்தக் கிட்டாரின் மேல் இருக்கும் பிரியம் குறையவில்லை. ஆலயத்தில் ஆர்கன் தொடங்கும் முன், ஆறு கம்பிகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை வருடிவிட்டால் போதும், அக்கா ஸ்ருதி பிடித்துக்கொள்வார்.

ஒரு சிறு திருத்தம் உண்டு. கிட்டாரின் B, இயல்பான அந்தர காந்தாரத்தைவிடச் சற்று உயரம். ஒரு மெட்டு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில் ஒன்று) தூரத்தை நூறு பங்காக்கினால் அதில் சுமார் 14 பங்கு கூடுதல். மோகனத்தில் கீர்த்தனை இருக்கும் நாளில் இரண்டாம் கம்பியை ஒரு மயிரிழை தளர்த்திக்கொள்வேன். காது பழகியவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் அந்த மூன்றாம் கம்பியின் மேல் நிற்கிறது. அது விலகினால் ஷட்ஜம் விலகுகிறது. ஷட்ஜம் விலகியபின் வேறு எது சரியாக இருந்து என்ன?

இனி இழுவிசைக் கணக்கு. கம்பியின் அதிரும் நீளம் 25.5 அங்குலமாக உள்ள கிட்டாரில் 12 என்ற முதல் கம்பியை E-க்கு ஏற்றினால் அது சுமார் 10.6 கிலோ எடையுள்ள இழுப்பில் நிற்கும். 11 என்றால் 8.9. 10 என்றால் 7.3 கிலோவை ஒட்டி. தடிமன் கொஞ்சம் குறைந்தாலே இழுப்பு மளமளவென்று இறங்குகிறது. தடிமனின் வர்க்கத்தோடு அது போவதால்தான் இப்படி. ஆறு கம்பிகளையும் கூட்டினால் 12-53 செட் சுமார் 74 கிலோ. 11-52 சுமார் 68. 10-47 அறுபதுக்குச் சற்று மேலே. 13-56 எண்பதைத் தாண்டிவிடும். சில சிறிய கிட்டார்களுக்கு 13 வேண்டாமென்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பது இதனால்தான். நைலான் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டாரில் எஃகுக் கம்பியை எந்த எண்ணிலும் ஏற்றாதீர்கள்.

12-53 செட்டின் குணத்தைச் சொல்கிறேன். ஒலி நிறைவானது. டிரெட்நாட்டின் பெரிய வயிற்றை அசைக்க அந்த இழுப்பு வேண்டும். ஸ்ட்ரம் செய்யும்போது கம்பி தளும்பாது. பிக்கை எவ்வளவு அழுத்தி அடித்தாலும் சுரம் கலங்காது. மைக் இல்லாத கூடத்தில் கடைசி வரிசைவரை கேட்கும். வலியெல்லாம் இடக்கைக்குத்தான். F பார் (ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் அழுத்தும் பிடி) பிடித்து ஒரு நீண்ட ஆராதனை முழுதும் வாசித்தால் கட்டைவிரலின் அடிச்சதை இரவுவரை வலிக்கும். கமகம் என்றால் இன்னும் சிரமம். காந்தாரத்தை அசைக்கக் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளும்போது 12-இல் பாதி வழியிலேயே விரல் நின்றுவிடும்.

கடலோரக் காற்றும் வயதும் சேர்ந்து பிரிட்ஜின் பசையைத் தளர்த்தின. பின்விளிம்பில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. மதுரையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பிரிட்ஜைச் சூடுகாட்டிக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டி, கிளாம்ப் போட்டுக் காயவைத்துக் கொடுத்தார் அந்தப் பெரியவர். அருமையான வேலை. "இனிமேல் 11 போடுங்கள் சார், பலகைக்கும் நல்லது, கைக்கும் நல்லது" என்றார். அவர் சொன்னது இரண்டும் உண்மை.

11 போட்ட முதல் வாரத்தில் எனக்குப் புதிய இடக்கை கிடைத்தது போல இருந்தது. F பார் தானாக விழுந்தது. இரண்டாம் கம்பியில் காந்தாரத்தை அசைத்தால் அசைந்தது. அதைக் கேட்டு அக்கா பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தள்ள வேண்டிய தூரம் ஏறக்குறைய அதேதான், தேவைப்படும் பலம்தான் குறைகிறது. அது போதும், கமகத்துக்கு. இழுப்பு குறைந்ததால் நெக் சற்றே பின்னுக்குச் சாய்ந்து, முதல் சில மெட்டுகளில் கம்பி கரகரத்தது. நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று தளர்த்தியதும் அது சரியாகிவிட்டது. கம்பியின் எண்ணை மாற்றுகிறவர்கள் இந்த வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிட்ஜ் இன்றுவரை அசையாமல் இருக்கிறது. ஒலி கொஞ்சம் மெலிந்தது. ஆனால் தனித்தனியாக மீட்டும்போது மேல் கம்பிகள், அதாவது மெல்லியவை, பளிச்சென்று கேட்டன. கை, பலகை, கமகம், மூன்றுக்கும் 11 நல்லதென்று மனமாரச் சொல்வேன்.

மூன்றாம் கம்பியைத் தவிர.

நான் வாங்கும் 11-52 செட்டில் அது 22. சுற்றுக்கம்பிகளில் மிக மெல்லியது. அதன் உள்ளே ஓடும் எஃகு இழை, பக்கத்திலிருக்கும் இரண்டாம் கம்பியைவிட மெல்லியது. ஆனால் அது தாங்கும் இழுப்போ இரண்டாம் கம்பியைவிட அதிகம். மெல்லிய இழை, அதிக பாரம், அதன் மேல் வெண்கலச் சுற்று. இந்தக் கம்பிக்குத்தான் முதலில் வயதாகிறது. செட் போட்ட சில வாரங்களில் மற்ற ஐந்தும் கணீரென்று ஒலிக்கும். மூன்றாம் கம்பி மட்டும் மண்சட்டியைத் தட்டியது போல மொத்தென்று விழும். கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள்: இரண்டாம், மூன்றாம் மெட்டுகளுக்கு மேலே சிறுசிறு பள்ளங்கள் தட்டுப்படும். அந்த இடங்களில் சுற்று நசுங்கி, செம்புநிறம் போய்க் கறுத்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கம்பியில் சுருதி எந்த மெட்டிலும் ஒழுங்காக நிற்காது. திறந்து மீட்டினால் சரியாக இருக்கும், இரண்டாம் மெட்டில் A பிடித்தால் ஏறியிருக்கும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மேலும் ஏறும். 24-க்கு அராவிய நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சிறு கட்டை) காடியில் 22 பக்கவாட்டில் ஆடவும் செய்கிறது. அக்கா ஒரு நெடிய ஷட்ஜத்தில் நிற்கும்போது பக்கத்தில் இந்தக் கம்பி அலைவதைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

எல்லாப் பரிகாரமும் செய்து பார்த்தாயிற்று. நட்டின் காடியில் பென்சில் கரி தடவினேன். சுருதி ஏற்றும்போது கேட்கும் 'டக்' ஓசை போனது, அலைச்சல் போகவில்லை. வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் கீழ்ப்பக்கம்வரை துடைக்கிறேன். பூச்சுக் கம்பி உப்புக் காற்றை நன்றாகத் தாங்குகிறது. துரு வருவது வெகுவாகத் தள்ளிப்போகிறது. ஆனால் மெட்டு பதிக்கும் பள்ளத்தைப் பூச்சு தடுப்பதில்லை. ஒரு கம்பி செத்ததற்காக நன்றாக இருக்கும் ஐந்தையும் கழற்றி எறிவதா? தனி 22 கேட்டால் கடையில் "செட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். ஆறு கம்பிகளில் ஐந்தை வீணாக்கச் சொல்வது என்ன நியாயம்?

செட்டின் முகப்பில் இருக்கும் பெயரை நம்பவும் வழியில்லை. டி'அடாரியோ நிறுவனத்தில் லைட் என்றால் 12-53. எர்னி பால் நிறுவனத்தின் எர்த்வுட் வரிசையில் லைட் என்றால் 11-52. மூன்றாம் கம்பியும் அப்படித்தான்: 11-52 என்றே அச்சிட்டிருந்தாலும் சிலவற்றில் 22, மார்ட்டினில் 23. உறையைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஆறு எண்களையும் படியுங்கள். 11-52 செட்டையும் 12-53 செட்டையும் அப்படிப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் எனக்கு வழி கிடைத்தது. 11, 15, 22, 32, 42, 52. 12, 16, 24, 32, 42, 53. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றேதான்! ஆறாவதில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். 11-க்கு மாறும்போது உண்மையில் மாறுவது மேல் மூன்று கம்பிகள். அந்த மூன்றில் எனக்குச் சுகம் தந்தவை சுற்றில்லாத முதல் இரண்டு. துன்பம் தந்தது மூன்றாவது.

ஆகவே இப்போது என் கிட்டாரில் இருப்பது 11, 15, 24, 32, 42, 53. கீழ் நான்கும் 12 செட்டிலிருந்து. மேல் இரண்டும் தனியாக வாங்கியவை. கூட்டினால் 71 கிலோ வருகிறது. பிரிட்ஜுக்கு 12 செட்டைவிட மூன்று கிலோ பாரம் குறைவு. கலப்பது தப்பென்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எலிக்சிர் நிறுவனமே மேல் கம்பிகள் 13 செட்டின் தடிமனிலும் கீழ்க் கம்பிகள் 12 செட்டின் தடிமனிலுமாக 13-53 என்று ஒரு செட் விற்கிறது. டி'அடாரியோ அதற்கு நேர்மாறாக 12-56 விற்கிறது.

24-இல் ஷட்ஜம் நிற்கிறது. கனமாக, ஆடாமல், அக்காவின் குரலுக்குக் கீழே பலகை போட்டது போல. அதுவும் ஒருநாள் மொத்தென்று ஆகும், 22 அளவுக்குச் சீக்கிரம் ஆவதில்லை. அந்தக் கம்பியில் கமகம் கடினம் என்பது மீண்டும் வந்துவிட்டதே என்று கேட்கலாம். 5 கட்டையில் மூன்றாம் கம்பி ஷட்ஜம், நான்காம் கம்பி பஞ்சமம். அசையாத ஸ்வரங்கள் இரண்டும் அசையாத கம்பிகளில் இருக்கட்டும். அசைய வேண்டிய காந்தாரம் இரண்டாம் கம்பியில் மெல்லியதாக இருக்கிறது. மூன்றாம் கம்பியில் ரிஷபம் வேண்டுமானால் ஜாருவாகச் சறுக்கிப் போய்விடுகிறேன்.

அக்கா 5 கட்டை என்பதால் எனக்கு இது பொருந்துகிறது. ஆண் குரலுக்கு 1 கட்டையில் வாசிப்பவருக்குக் கணக்கு மாறும். அவருடைய ஷட்ஜம் எந்தக் கம்பியில் விழுகிறது என்று பார்த்துத்தான் அவர் தடிமனைத் தேர வேண்டும்.

தம்பி, உங்களுக்கு: 11 கைக்கு நல்லது, பலகைக்கு நல்லது என்று இவ்வளவு சொன்ன பிறகும், 11-52 செட்டை வாங்காதீர்கள். 12-53 பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கல வகைச் சுற்று) செட் ஒன்று வாங்குங்கள். விரல் நுனி காய்ப்பு ஏறும்வரை எல்லாக் கம்பிகளையும் அரை சுரம் இறக்கி, முதல் மெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் கிளிப்) போட்டு வாசியுங்கள். இழுப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிறகும் மேல் கம்பிகள் கடினமென்றால் 11, 15 இரண்டையும் தனியாக வாங்குங்கள். 15 கிடைக்காவிட்டால் 14. சுற்றில்லாத கம்பிகள் எலக்ட்ரிக் கிட்டாருக்கும் இதற்கும் ஒரே எஃகுதான், நுனியில் குண்டு இருந்தால் போதும். பெரும்பாலான கடைகளில் அவை தனியாகவே கிடைக்கும். கழற்றி வைக்கும் 12-ஐயும் 16-ஐயும் உறையிலேயே சுருட்டி வையுங்கள். மாற்றிய மறுநாள் முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் ஆறாம் கம்பியை அழுத்திப் பிடித்து, ஏழாம் மெட்டின் மேல் ஒரு மெல்லிய விசிட்டிங் கார்டு நுழைகிறதா பாருங்கள். நுழையவே இல்லையென்றால் டிரஸ் ராடை நீங்கள் தொட வேண்டாம், கிட்டாரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள்.