பின்னல் போட்ட மணி ட்ரீ வாங்கப் போறீங்களா? ஒவ்வொரு தண்டையும் அமுக்கிப் பாக்காம காசு குடுக்காதீங்க

மொதல்லயே சொல்லிடுறேன், நான் சொல்றது கொடியா படருற மணி பிளான்ட் இல்ல. அத பாட்டில்ல தண்ணி ஊத்தி சொருகி வச்சாலே வளரும், அதுல ஏமாறணும்னாலும் முடியாது. இது மணி ட்ரீ, பச்சிரான்னு சொல்லுவாங்க, அஞ்சு தண்ட ஜடை மாதிரி பின்னி, உச்சியில கை விரிச்ச மாதிரி இலை விட்டிருக்கும்ல, அது.

ஆன்லைன்ல வாங்கி ஏமாந்திருந்தா கூட மனசு ஆறியிருக்கும். நேர்ல போயி, அரை மணி நேரம் சுத்திச் சுத்திப் பாத்து, நானே கை காட்டி எடுத்த செடி இது. இலையெல்லாம் பளபளன்னு இருந்துச்சு (ஷைன் ஸ்ப்ரே அடிச்சிருந்தாங்கன்னு வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் தெரிஞ்சுது), பின்னல் நெருக்கமா அழகா இருந்துச்சு, வெள்ளை செராமிக் தொட்டி, மேல கூழாங்கல்லு. அஞ்சு தண்டு இருக்கான்னு எண்ணிக்கூட பாத்தேன். ஆனா ஒண்ணையும் தொட்டுப் பாக்கல, அதுதான் நான் பண்ண தப்பு.

கடைக்காரர் 10 நாள் கேரண்டி குடுத்தாரு. "எதுவா இருந்தாலும் வாட்ஸ்அப்ல போட்டோ போடுங்க, மாத்தித் தரேன்"னு அவ்வளவு நல்லா பேசுனாரு.

நாலாவது நாள் கீழ ரெண்டு இலை மஞ்சளாச்சு. போட்டோ போட்டேன். "இடம் மாறுனா அப்படித்தான் கொட்டும், செட் ஆக டைம் எடுக்கும்"னாரு. இங்கதான் விஷயமே, அவர் சொன்னது பொய் இல்ல. பச்சிராவ ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்கு மாத்துனா கொஞ்சம் இலை கொட்டத்தான் செய்யும், நானும் தேடிப் பாத்து அமைதியாயிட்டேன். எட்டாவது நாள் ஒரு தண்டோட கொழுந்து மட்டும் அப்படியே தலை தொங்கிப்போச்சு. மறுபடியும் போட்டோ. "தண்ணி பத்தலங்க, தினமும் ஒரு கப் ஊத்துங்க, இது சதுப்பு நிலத்து மரம், எவ்வளவு ஊத்துனாலும் தாங்கும்"னு பதில். ஊத்துனேன், வேற என்ன பண்றது, செடி விக்கிறவரே சொல்றாரே. பதினோராவது நாள் இன்னொரு கொழுந்தும் தொங்க, மாத்தித் தாங்கன்னு கேட்டா "கேரண்டி நேத்தோட முடிஞ்சுதுங்க, தண்ணி அதிகமாயிடுச்சு போல"ன்னு மெசேஜ் வருது. தினமும் ஊத்தச் சொன்னதே நீங்கதானேன்னு கேட்டேன், ரெண்டு நீல டிக் வந்துச்சு, அதோட சரி.

அடுத்த வாரம் தொட்டிகிட்ட போனாலே ஒரு புளிச்ச நாத்தம். சரி இனிமே போறதுக்கு என்ன இருக்குன்னு மொத்தமா பிரிச்சுப் பாத்துட்டேன்.

கூழாங்கல்ல எடுக்கலாம்னு பாத்தா வரல, பசை போட்டு ஒட்டியிருக்காங்க. ஒரு ஸ்க்ரூடிரைவர வச்சு நெம்பித்தான் எடுத்தேன். ஏன் ஒட்டுறாங்கன்னா வண்டியில கொண்டுபோகும்போது கொட்டாம இருக்கவாம், ஆனா அதனால மண்ணு காஞ்சிருக்கா ஈரமா இருக்கான்னு விரல விட்டுப் பாக்கவே முடியாது. செராமிக் தொட்டிக்குள்ள இன்னொரு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, வெளித் தொட்டிக்கு அடியில ஓட்டையே இல்ல, ரெண்டு விரக்கடை உயரத்துக்கு பழுப்புத் தண்ணி தேங்கி நிக்குது. நான் தினம் ஊத்துன கப்பெல்லாம் அங்கதான் இருந்திருக்கு.

அப்புறம் தண்டு. ஒண்ணு ஒண்ணா அமுக்குனேன். ரெண்டு கல்லு மாதிரி. ஒண்ணு வாழைப்பழம் மாதிரி அமுங்குது, தோலு கையோட வருது. ஒண்ணு உள்ள வெறும் கூடு, எப்பவோ செத்துப்போனது, மத்த தண்டுங்க அதச் சுத்திப் பிடிச்சிருந்ததால நின்னுட்டிருந்துச்சு. நான் எண்ணுன அஞ்சுல அதுவும் ஒண்ணு! உச்சியில அதுக்கு இலையே இல்ல, பக்கத்துத் தண்டோட இலை விரிஞ்சு மறைச்சிருந்ததால கண்ணுக்குத் தெரியல. அஞ்சாவது தண்டு வெளிய நல்லா இருந்துச்சு, லேசா இழுத்தேன், கையோட வந்துடுச்சு. அடியில வேருன்னு சொல்ல நூல் மாதிரி நாலு இழை, அவ்வளவுதான்.

வேரே இல்லாம இலை எப்படி வந்துச்சுன்னு எனக்கு தலையே சுத்திடுச்சு, அப்புறம்தான் இந்தச் செடி வர்ற விதத்தப் பத்தித் தேடிப் படிச்சேன். தைவான்லதான் இத பெரிய அளவுல வளக்குறாங்க. தண்டு இளசா வளையுற பதத்துல இருக்கும்போதே பின்னி கட்டிடுவாங்க, கெட்டியானதும் அந்த வடிவத்துலயே நிக்கும், செடி தானா அப்படிப் பின்னிக்காது. 3 இல்லன்னா 5 தண்டுதான் பெரும்பாலும் இருக்கும், 4 வைக்க மாட்டாங்க, சீன மொழியில நாலுங்குற சொல்லு சாவுங்குற சொல்லு மாதிரி கேக்குமாம். நிறைய தண்ட ஏற்றுமதி பண்ணும்போது மண்ணெல்லாம் உதறி வேர வெட்டிட்டு வெறும் கட்டையாத்தான் அனுப்புறாங்க, போய்ச் சேர்ற இடத்துல நட்டு வேர் பிடிக்க வைக்கணும். இந்த மரத்தோட அடித்தண்டு தண்ணியையும் சத்தையும் சேத்து வச்சுக்குற வகை, அதனால வேர் வர்றதுக்கு முன்னாடியே இருக்குற சத்த வச்சு பச்சைப்பசேல்னு துளிர் விட்டுடும். துளிரப் பாத்து நாம வாங்கிட்டு வந்துடுறோம், சேமிப்பு தீந்ததும் தொங்கிடும். அதாவது வேர் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டிய வேலைய அவரு என் தலையில கட்டிட்டாரு, காசும் வாங்கிக்கிட்டு.

சதுப்பு நிலத்து மரம்ங்கறதும் பாதி உண்மைதான். பச்சிரா அக்வாட்டிகா மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவுல ஆத்தோரம், சதுப்புல வளருற மரம், காட்டுல பதினஞ்சு மீட்டருக்கு மேல கூட போகும். ஆனா கடையில அந்தப் பேர் போட்டு விக்கிறதுல நிறைய பச்சிரா கிளாப்ரான்னு வேற இனம். எதுவா இருந்தாலும் வேரே இல்லாத கட்டைய ஓட்டை இல்லாத தொட்டியில ஊற வச்சா அழுகாம என்ன செய்யும்?

அதனால வாங்கும்போது பின்னலோட அழக அப்புறம் ரசிச்சுக்கலாம், மொதல்ல அடியிலருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு தண்டையும் கட்டை விரலால அமுக்குங்க, எல்லாமே கெட்டியா இருக்கணும், சுருக்கம் விழுந்திருந்தாலோ மெத்துன்னு இருந்தாலோ வேண்டாம். எத்தன தண்டு இருக்கோ அத்தன உச்சியிலயும் தனித்தனியா இலை இருக்கான்னு மேலருந்து பிரிச்சுப் பாருங்க. அடியப் பிடிச்சு லேசா ஆட்டுனா செடி மட்டும் தனியா ஆடக்கூடாது, மண்ணும் சேந்து அசையணும். உள் தொட்டிய தூக்கிக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா கிளம்பிடுங்க. அப்புறம் பின்னல் முடியிற இடத்துல கம்பியோ டேப்போ இருக்கும், என்னோடதுல கம்பி பட்டைக்குள்ளயே பதிஞ்சு அதுக்கு மேல தண்டு வீங்கியிருந்துச்சு, அப்படி இருந்தா அதுவும் வேண்டாம். புதுசா கட்டுனதுன்னா வீட்டுக்கு வந்ததும் அவுத்துட்டு மெத்துன்னு ஒரு துணி நாடாவால லூசா கட்டிக்கலாம்.

இலை கொட்டுறது பழக்கப்படுறதா இல்ல அழுகலான்னு சந்தேகம் வந்தா தண்டத்தான் கேக்கணும். கீழ இருக்க பழைய இலை மஞ்சளாகி விழுது, தண்டு கெட்டியா இருக்குன்னா பயம் இல்ல. கொழுந்து தொங்குது, மண்ணு ஈரமா இருக்குன்னா தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, அன்னிக்கே வெளிய எடுத்துப் பாருங்க, கடைக்காரர் பதிலுக்கெல்லாம் காத்திருக்காதீங்க. கேரண்டி தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோங்க, ஏன்னா அவரு குறிச்சு வச்சிருப்பாரு.

என்கிட்ட மிஞ்சுன ரெண்டு தண்டோட கறுத்த வேர வெட்டிட்டு, வேர் அளவுக்கு ஏத்த, அடியில ஓட்டை இருக்குற ஒரு சின்ன தொட்டியில, மண்ணோட கோகோபீட்டும் (தேங்கா நார்த் தூள்) பெர்லைட்டும் (தண்ணி தேங்காம இருக்க கலக்குற வெள்ளைக் கல்லுத் துகள்) தாராளமா கலந்து நட்டேன். பெரிய தொட்டியில வச்சா ஈரம் காயாது, அந்தத் தப்ப வேற பண்ண இருந்தேன். ஜன்னல்கிட்ட நல்ல வெளிச்சம், ஆனா மத்தியான வெயில் நேரா படாது, பட்டா இலை கருகும். விரல் ரெண்டு கணு ஆழத்துக்கு உள்ள விட்டுப் பாத்து காஞ்சிருந்தா மட்டும் அடியில வழியிற வரைக்கும் ஊத்துறேன், தட்டுல நிக்கிற தண்ணிய கொட்டிடுறேன். ஏசி காத்துக்கு எதிர்ல வைக்கல. ரெண்டு மாசம் அசையவே இல்ல, இப்போ ஒண்ணுல ரெண்டு துளிர், இன்னொண்ணுல ஒண்ணு. ஒரே ஒரு ஆறுதல், இது பூனை நாய்க்கு விஷம் இல்ல, என் பூனை அந்த ஒத்தத் துளிரையும் கடிச்சு வச்சிருக்கு.

ரெண்டு தண்ட வச்சு பின்னல் எல்லாம் இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்குது. கடைக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல நேத்து புது ஸ்டாக் போட்டிருக்காரு, அதே வெள்ளைத் தொட்டி, அதே கூழாங்கல்லு, "பராமரிப்பே தேவையில்லை"ன்னு வேற எழுதியிருக்கு.