மேரி டைலர் மூர் ஷோ டிவிடி: ஏழில் மூன்று சீசன் போதும்

டர்பனில் மகளிர் வட்டத்துக்கோ, தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புக்கோ, ஆயாவும் பேத்தியும் ஒன்றாக உட்காரும் சனிக்கிழமை மாலைக்கோ, பெண்ணின் இடத்தைப் பற்றிப் பேச்சைக் கிளப்பும் ஒரு சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொடர், வேண்டுமா? அப்படியானால் முதலில் வாங்க வேண்டியது ‘மேரி டைலர் மூர் ஷோ’. அமெரிக்காவில் சிபிஎஸ் சானலில் 1970 முதல் 1977 வரை ஓடியது. ஏழு சீசன், 168 எபிசோட். ஒன்று ஏறக்குறைய 25 நிமிடம் என்றால் மொத்தம் 70 மணி நேரம். அத்தனையும் தேவையில்லை. 1, 3, 4 ஆகிய மூன்று சீசன்களை வாங்குங்கள்.

வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கப் பதிப்பு ரீஜன் 1 (தட்டு உலகின் எந்தப் பகுதியில் ஓடும் என்பதைக் குறிக்கும் எண்), என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி பட முறை). தென்னாப்பிரிக்காவில் விற்கும் பிளேயர்கள் ரீஜன் 2, பால் (PAL) என்ற வேறு பட முறை. தட்டைப் போட்டதும் ரீஜன் தவறு என்று திரையில் வந்து நின்றுவிடும். கடையில் கேட்கும்போதே ‘மல்டி ரீஜன்’ பிளேயர் என்று கேளுங்கள். கணினி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள். பழைய குழாய் டிவி இன்னும் இருக்கும் வீடுகளில் என்டிஎஸ்சி படம் கறுப்பு வெள்ளையாக வரலாம், அல்லது மேலும் கீழும் உருளலாம். அது தட்டின் கோளாறு அல்ல. தமிழ் சப்டைட்டில் கிடையாது.

இனி உள்ளே இருப்பது. முதல் எபிசோடில், முப்பது வயது மேரி ரிச்சர்ட்ஸ் மினியாபொலிஸ் நகரத்து டிவி நிலையம் ஒன்றின் செய்திப் பிரிவுக்குச் செக்ரட்டரி வேலை கேட்டு வருகிறாள். அந்த வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. மேலாளர் லூ கிராண்ட் அவளுடைய மதம் என்ன என்று கேட்கிறார். வேலைக்கு வந்தவரிடம் அதைக் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்று மேரி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். அடுத்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார். அவள் சொல்லும் பதில்: “பிரஸ்பிடீரியன்.” அது ஒரு கிறிஸ்தவப் பிரிவு, முதல் கேள்விக்கான பதில். இரண்டு கேள்வியும் ஒரே மாதிரி அத்துமீறல் என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. கடைசியில் அவளுக்குக் கிடைப்பது அசோசியேட் புரொடியூசர் பதவி. பட்டம் பெரிது, சம்பளமோ செக்ரட்டரிக்குத் தருவதைவிட வாரத்துக்குப் பத்து டாலர் குறைவு. இன்னும் ஐந்து டாலர் விட்டுக்கொடுத்தால் புரொடியூசரே ஆக்கிவிடுவதாகவும் அவர் சொல்கிறார். அதைத் தன்னால் தாங்க முடியாது என்று மேரி மறுத்துவிடுகிறாள்.

தமிழ்க் காதுக்கு உடனே படும் ஒன்று உண்டு. அலுவலகத்தில் செய்தி எழுதும் மரேயும் செய்தி வாசிக்கும் டெட்டும் மேலாளரை ‘லூ’ என்று கூப்பிடுகிறார்கள். மேரி மட்டும் ‘மிஸ்டர் கிராண்ட்’ என்கிறாள், ஏழு ஆண்டும் ஏறக்குறைய அப்படியே. கணவன் பெயரை வாயால் சொல்லாத பெரியம்மாக்களைப் பார்த்து வளர்ந்த பார்வையாளர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரியாதை என்ற பெயரில் ஒரு தூரம், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். முதல் எபிசோட் முடிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?

மூன்றாம் சீசனின் தொடக்க எபிசோட்தான் இந்தத் தொகுப்பின் உயிர். மேரி உட்காரும் அதே நாற்காலியில் முன்பு இருந்த ஆண் வாரத்துக்கு 50 டாலர் அதிகம் வாங்கினான் என்று அவளுக்குத் தெரிய வருகிறது. அவனுக்குக் குடும்பம் இருந்தது என்று காரணம் சொல்கிறார் லூ. நம் வீடுகளிலும் இன்றுவரை கேட்கும் காரணம்தான். மேரி கோபப்படவில்லை, கணக்குப் போடுகிறாள். அப்படியானால் மூன்று பிள்ளை உள்ளவனுக்கு இரண்டு பிள்ளை உள்ளவனைவிட அதிகம் தர வேண்டும், அவனுக்கு ஒரு பிள்ளை உள்ளவனைவிட அதிகம் தர வேண்டும், நீங்கள் அப்படித் தருவதில்லையே என்கிறாள். லூவிடம் பதில் இல்லை. இந்த இடத்தில் நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். வசனம் வேகமாகப் போகும், முதல் தடவையில் தர்க்கத்தின் பாதி கைநழுவிவிடும்.

அந்த எபிசோட் வந்த மாதமும் முக்கியம். அமெரிக்காவில் சம ஊதியச் சட்டம் 1963இலேயே வந்துவிட்டது. ஆனால் நிர்வாக, தொழில்முறைப் பதவிகளுக்கு அது 1972இல்தான் நீட்டிக்கப்பட்டது. எபிசோட் ஒளிபரப்பானது அதே ஆண்டு செப்டம்பரில். தென்னாப்பிரிக்காவில் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 1998இல் வந்தது. ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஒரே ஊதியம் என்ற பிரிவு அதில் நேரடியாகச் சேர்ந்து நடைமுறைக்கு வந்ததோ 2014 ஆகஸ்ட் 1இல். வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டத்தில் இருந்தால் 1972, 2014 என்ற இந்த இரண்டு ஆண்டையும் படத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேச்சு தானாகச் சம்பளச் சீட்டுக்குப் போகும்.

அதே சீசனில் இன்னொரு எபிசோடை விட்டுவிடக் கூடாது. மேரியின் அம்மா வாசலில் நின்று, மாத்திரை போட மறந்துவிடாதே என்று சொல்வார். அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் ‘மறக்க மாட்டேன்’ என்பார்கள். கல்யாணமாகாத பெண் கருத்தடை மாத்திரை எடுக்கிறாள் என்ற செய்தி அவ்வளவுதான், கண் சிமிட்டினால் போய்விடும். பெரியவர்களோடு பார்க்கும்போது இங்கே அறை சட்டென்று அமைதியாகும். ரிமோட்டைத் தேடாமல் அப்படியே ஓட விடுங்கள்.

நான்காம் சீசனில் லூவின் மனைவி ஈடி வீட்டைவிட்டுப் போகிறாள். கணவன் அடிக்கவில்லை, வேறு பெண்ணும் இல்லை. தன் வாழ்க்கை எது என்று பார்க்கப் போகிறாள். ‘அவர் என்ன தப்பு செய்தார்?’ என்ற கேள்வி நம் கூட்டத்தில் கட்டாயம் எழும். அந்தக் கேள்விக்காகவே இதைப் போட வேண்டும். எழுதியவர் ட்ரீவா சில்வர்மன். இதற்காக 1974இல் அமெரிக்க டிவிக்கான எம்மி விருது பெற்றார். எழுதும் மேசையில் பெண்கள் இருந்ததால்தான் மேரியும் அவளுடைய தோழி ரோடாவும் ஆண்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கவில்லை.

சூ ஆன் நிவென்ஸ் அறிமுகமாவதும் நான்காம் சீசனில்தான். பெட்டி வைட் நடித்த பாத்திரம், டிவியில் இல்லத்தரசிகளுக்குச் சமையல் சொல்லித் தருபவள். கேமரா முன் தேன், கேமரா நின்றதும் கத்தி. மாமியார் மருமகள் சண்டையையே சமையலறையில் வைத்து ஓட்டும் தமிழ் நகைச்சுவைத் தொடர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தச் சமையலறை புதிது. இது வீடே இல்லை, ஒரு செட். குடும்ப விளக்காக இருப்பது இங்கே சம்பளத்துக்குச் செய்யும் வேலை. மேரியின் வீட்டு விருந்து ஒன்றில் சூ ஆன் செய்த கன்றுக்கறி சரியாக ஆறு துண்டு இருக்கும். லூ மூன்றை எடுத்துத் தட்டில் போட்டுக்கொள்வார். திருப்பி வைக்கச் சொல்லும் சங்கடம் மேரியின் தலையில் விழும். விருந்தாளி அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெண் உறுப்பினர் ஒருவர், ஆனாலும் அந்த இரவின் வெற்றி தோல்வி கறித்துண்டைப் பொறுத்தது. ஆறு பேருக்கு ஆறு துண்டு என்று எண்ணிச் சமைக்காத நம் வீடுகளிலும், சாப்பாடு போதாமல் போனால் பார்வை யார் பக்கம் திரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குறைகள் சிறியவை அல்ல. ரோடாவின் உடம்பைப் பற்றிய கேலி எபிசோடுக்கு எபிசோட் வருகிறது, அதிலும் பாதியை அவளே தன்மேல் சொல்லிக்கொள்கிறாள். ரோடாவாக நடித்த வேலரி ஹார்பரைத் திரையில் பார்க்கும் யாருக்கும் அது அபத்தமாகத்தான் படும். பதின்வயதுப் பெண்கள் இருந்தால் இதைப் பேசாமல் கடக்காதீர்கள். அலுவலகம் ஏறக்குறைய முழுக்க வெள்ளையர். ஜான் அமோஸ் நடித்த வானிலை அறிவிப்பாளர் கார்டி ஒருவரே கறுப்பர், அவரும் முதல் சில சீசன்களுக்குப் பிறகு ஏறக்குறைய இல்லை. பெண்ணுக்கு நியாயம் கேட்கும் அறைக்குள் கறுப்பினப் பெண்ணுக்கு நாற்காலி இல்லை. டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இதைப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். மேரியும் அலுவலகத்தில் எல்லோருடைய கண்ணீரையும் துடைக்கும் வேலையிலிருந்து தப்புவதில்லை. அதற்குச் சம்பளம் கேட்கும் எபிசோட் கிடையாது.

திரையிடும் முறை இப்படி இருக்கட்டும். முதல் அமர்வில் நான்கு: தொடக்க எபிசோட், சம்பளம், மாத்திரை, ஈடி. 100 நிமிடம். விருந்தும் சூ ஆனும் அடுத்த அமர்வுக்கு. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் நான்காவதுக்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். எபிசோடுக்கு நடுவில் ஏதாவது ஒரு காட்சியை இரண்டு நிமிடம் ஒலியில்லாமல் ஓட்டுங்கள். தொடர் பார்வையாளர்கள் முன் படமாக்கப்பட்டதால் சிரிப்பொலி எங்கே சிரிக்க வேண்டும் என்று நம்மை இழுத்துக்கொண்டு போகும். அதை எடுத்துவிட்டால் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், காபிக் கோப்பை யார் கையில் இருக்கிறது என்று கண் தானாகத் தேடும். தொடக்கப் பாட்டைத் தாண்டி ஓட்டாதீர்கள். முதல் சீசனில் அது இவள் தனியாக எப்படிச் சமாளிப்பாள் என்று கவலைப்படுகிறது. மூன்றாம் சீசன் தட்டைப் போட்டால் அந்தக் கேள்வியே இருக்காது, வரிகளை மாற்றியிருப்பார்கள்.