தக்காளி வேர்முடிச்சுக்குக் கால்சியம் சிலிக்கான் தூள்: சுங்கை சிப்புட்டில் வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்புறத்தில் பைகளில் தக்காளி வளர்க்கிறேன். சென்ற முறை காலையில் நிமிர்ந்து நின்ற செடிகள் உச்சிவெயிலில் துவண்டு மாலையில் மீண்டும் தலைதூக்கின. நீர் போதவில்லை என்றெண்ணி மேலும் மேலும் ஊற்றியதுதான் மிச்சம். ஒன்றைப் பிடுங்கிக் கழுவியபோது, சிறு இஞ்சித் துண்டுகளைக் கோத்ததுபோல் வேரெங்கும் வீக்கம். ரப்பர் தோட்டத்தில் மண்ணை மூடிக் காக்க அவரை இன மூடுபயிர் போட்டுப் பழகிய என் தந்தை, "அவரை இனத்து வேர்முண்டு விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும், இது வேரோடு வேராக இருக்கிறதே" என்றார். மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து இப்படி வீங்கவைக்கும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழுவேதான்.

பட்டணத்து உரக்கடை ஒன்றில், புழுவைக் கொல்லும் கனிமச் சத்து என்று கூறி, ஒரு கிலோ கால்சியம் சிலிக்கான் தூளை 18 ரிங்கிட்டுக்குக் கொடுத்தார்கள். உறையில் மலாயில் அச்சிட்டிருந்ததைப் படித்தால் உரம் என்று மட்டுமே இருந்தது. கொல்லும் என்பது விற்றவர் தம் பங்குக்குச் சேர்த்த சொல்.

இப்புழுவின் குஞ்சு வேர்நுனி வழியே உள்ளே நுழைந்து, சில செல்களைப் பருக்கவைத்து, அங்கேயே தங்கி உண்கிறது. ஒரு பெண்புழு சில நூறு முட்டைகளை இடும். நம் மண்ணின் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். எதிர்ப்புத்திறன் கொண்ட தக்காளி ரகங்கள்கூட மண்வெப்பம் 28 பாகை செல்சியசைத் தாண்டினால் பெரும்பாலும் தளர்ந்துவிடுகின்றன என்பதால், சமவெளியில் இருக்கும் நமக்கு விதையை மட்டும் நம்பிப் பயனில்லை. கால்சியம் செல்சுவரை உறுதியாக்கும். சிலிக்கான் செடியின் சொந்தத் தற்காப்பைத் தூண்டிவிடும். ஆனால் நெல்லைப் போலன்றித் தக்காளி சிலிக்கானை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

புழு இருந்த அதே மண்ணை நிரப்பிய பன்னிரண்டு பைகளில் ஆறுக்கு மட்டும் நடும்போதே தூளைக் கலந்தேன். அந்தச் செடிகள் நண்பகலில் அவ்வளவாகத் துவளவில்லை. மற்ற ஆறில் பழத்தின் அடி கறுத்து அழுகியதுபோல் இவற்றில் அழுகவும் இல்லை. பத்து வாரம் கழித்து எல்லாவற்றையும் பிடுங்கிப் பார்த்தால், முடிச்சு இரண்டு பக்கமும் இருந்தது. தூள் போட்ட செடிகளில் முடிச்சுகளுக்கு இடையே வெண்ணிறப் புதுவேர்கள் அடர்ந்திருந்தன, அவ்வளவுதான் வேறுபாடு. புழு சாகவில்லை, செடி தாங்கிக்கொண்டது. எனக்கு அதுவே நான்கு பறிப்புக் கூடுதலாகக் கிடைக்கப் போதுமானதாக இருந்தது.

குறைகளும் உண்டு. தூள் நீரில் கரையாமல் பூவாளியின் துளைகளை அடைத்துக்கொள்கிறது. மண்ணில் கலப்பதே நல்லது. ஆசைப்பட்டு ஒரு பையில் இரட்டிப்பாகப் போட்டேன். இளந்தளிர்களில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளானது, மண்ணில் காரத்தன்மை ஏறி இரும்புச்சத்து கிட்டாமல் போனதன் அறிகுறி. விலையும் அதிகம்: கால்சியத்துக்கு டோலமைட் சுண்ணாம்பும், சிலிக்காவுக்கு உமிச் சாம்பலும் இதைவிட மலிவாகக் கிடைக்கின்றன.

முடிச்சு விழுந்துவிட்ட செடிக்கு இதை வாங்க வேண்டாம். புதிதாக நடுபவர்கள், முடிச்சு வேர்களைக் குப்பைக்குழியில் போடாமல் எரித்துவிட்டு, மண்ணையும் மாற்றிய பிறகு ஒரு பிடி சேர்க்கலாம். நான் அடுத்த கிலோ வாங்கவில்லை. பழைய பைகளில் இப்போது செண்டுமல்லி போட்டிருக்கிறேன், அதன் வேர் இப்புழுவுக்கு ஆகாது, பூ கோயில் மாலைக்கு ஆகும்.