ஏழு நாள் லோன் ஆப்: நீங்கள் அடகு வைப்பது உங்கள் போன் புக்கை

"ஆதார் இருந்தால் போதும், ஐந்தே நிமிடத்தில் பணம்" என்று வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக் விளம்பரத்திலோ வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். ஏற்கெனவே தொட்டு மாட்டிக்கொண்டவர்கள் நேராகப் பதிவின் பிற்பகுதிக்குப் போய்விடுங்கள். அங்கே சொல்லியிருப்பதை இன்றே செய்ய வேண்டும்.

ஏமாற்று எப்படி நடக்கிறது? ஆப்பைத் திறந்ததுமே, கடன் தொகை பற்றிய பேச்சுக்கு முன்பே, தொடர்புகள், எஸ்எம்எஸ், புகைப்படங்கள், இருப்பிடம் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். மறுத்தால் அடுத்த திரைக்கு விடாது. அனுமதித்த சில நொடிகளில் உங்கள் போன் புக் மொத்தமும் அவர்கள் சர்வரில் ஏறிவிடும். அதன் பிறகுதான் பான், ஆதார், செல்ஃபி, வங்கிக் கணக்கு. சில ஆப்புகள் தொகையை நீங்கள் உறுதி செய்யும் முன்பே கணக்கில் போட்டுவிடும். "வேண்டாம், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது.

பிடித்தம் ஆப்புக்கு ஆப் மாறும். ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடன் 5,000 ரூபாய் என்று காட்டும். பிராசஸிங் ஃபீஸ், ஜிஎஸ்டி என்று 1,750 பிடித்துக்கொண்டு 3,250 கையில் வரும். ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். அதாவது 3,250 ரூபாய்க்கு ஒரு வார வட்டி 1,750. வாரத்துக்குச் சுமார் 54 சதவீதம், ஆண்டுக்கு 2,800 சதவீதம். கந்துவட்டிக்காரர்கூட இப்படிக் கேட்க மாட்டார். 60 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பக் கேட்கும் தனிநபர் கடன் ஆப்புகளை ப்ளே ஸ்டோர் விதி ஏற்பதில்லை. அதனால்தான் வெளியே விவரப் பக்கத்தில் "91 முதல் 180 நாள்" என்று போட்டுவிட்டு, உள்ளே ஏழு நாள் கெடு வைக்கிறார்கள்.

கெடு முடியும் முன்பே, ஐந்தாம் ஆறாம் நாளிலேயே, அழைப்பு வரத் தொடங்கும். கட்ட முடியவில்லை என்றால் "எக்ஸ்டென்ஷன்" என்பார்கள். ஒரு தொகை கட்டினால் இன்னும் ஏழு நாள் கிடைக்கும், ஆனால் அசலில் ஒரு பைசா குறையாது. இல்லையென்றால் இன்னொரு ஆப்பின் லிங்க்கை அவர்களே அனுப்பி, அதில் எடுத்து இதைக் கட்டச் சொல்வார்கள். பல நேரங்களில் இரண்டையும் நடத்துவது ஒரே கும்பல்தான்.

இந்த வியாபாரத்தில் வட்டி இரண்டாம்பட்சம். அவர்கள் கையில் இருக்கும் உண்மையான பிணை அந்தத் தொடர்புப் பட்டியல். நம் ஊரில் எண்களை எப்படிச் சேமிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்: "அம்மா", "சித்தப்பா திருச்சி", "மாமியார்", "ஹெச்.ஆர். மேடம்", "ஹவுஸ் ஓனர்". யாரிடம் சொன்னால் நீங்கள் கூனிக் குறுகிப் போவீர்கள் என்பதை நீங்களே பெயர் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. அழைப்புப் பதிவும் கிடைத்துவிட்டால் யாரோடு அதிகம் பேசுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். வங்கி எஸ்எம்எஸ்ஸைப் படித்தால் சம்பளம் எந்தத் தேதியில் ஏறுகிறது, இன்று இருப்பு எவ்வளவு என்பதும் தெரியும். அழைப்பு சரியாகச் சம்பள நாளன்று உக்கிரமாவதற்கு இது ஒரு காரணம். செல்ஃபியை வெட்டி ஒட்டி ஆபாசப் படமாக்கி அந்தப் பட்டியலுக்கு அனுப்புவது கடைசிக் கட்டம். இதில் மிகப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. பட்டியலில் இருக்கும் சித்தப்பாவோ ஹெச்.ஆர். மேடமோ எந்த அனுமதியும் தரவில்லை. அவர்கள் எண்ணும் பெயரும் உங்கள் ஒரு தட்டலில் களவு போகின்றன.

இது எங்கோ ஒன்றிரண்டு ஆப் செய்யும் வேலை இல்லை. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் தேடியபோது, 80-க்கும் மேற்பட்ட ஆப் ஸ்டோர்களில் சுமார் 1,100 கடன் ஆப்புகள் இருந்தன. அவற்றில் 600 அளவுக்குச் சட்டவிரோதமானவை. அதே ஜனவரித் தொடக்கத்தில்தான் சென்னை மத்தியக் குற்றப் பிரிவு, பெங்களூருவிலிருந்து இப்படிப்பட்ட ஆப்புகளை நடத்தியவர்களைக் கைது செய்தது. அவர்களில் இருவர் சீன நாட்டவர். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாக விதி போட்டது: கடன் ஆப்புகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள், படங்கள் ஆகியவற்றைத் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை, கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்புக்காக, உங்கள் சம்மதத்தோடு, ஒரே ஒரு முறை கேட்கலாம். 2023 மே 31 முதல் ப்ளே ஸ்டோரும் தொடர்புகளையும் படங்களையும் கடன் ஆப்புகளுக்குத் தடை செய்தது. ஆகவே இன்று ஒரு கடன் ஆப் தொடர்புகளைக் கேட்டால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை, அழித்துவிடுங்கள். லிங்க் வழியாக ஏபிகே கோப்பாக (ஸ்டோருக்கு வெளியே நேரடியாக நிறுவும் ஆப் கோப்பு) வருகிறது என்றாலும் அப்படியே. ஸ்டோரின் தடையைச் சுற்றிக்கொண்டு வரத்தான் அந்த வழி.

கடன் உண்மையிலேயே தேவை என்றால் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஆப்பில் "எங்கள் கூட்டாளி இன்ன என்பிஎஃப்சி" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள் (என்பிஎஃப்சி என்றால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற, வங்கியல்லாத நிதி நிறுவனம்). பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைத் திருடிப் போடுவது சர்வசாதாரணம். தலைகீழாகப் போங்கள். அந்த என்பிஎஃப்சியின் இணையதளத்துக்குப் போய், அவர்கள் வெளியிட்டுள்ள ஆப் பட்டியலில் இந்த ஆப் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலை வெளியிடுவது அவர்கள் கடமை. 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஆனால் அது நிறுவனங்கள் கொடுத்த தகவலை அப்படியே போடுவதுதான், நற்சான்றிதழ் அல்ல. கையெழுத்துக்கு முன் ஆண்டு வட்டி விகிதம் எல்லாச் செலவும் சேர்த்து எழுதிய முக்கிய விவரத் தாள் வர வேண்டும். பணம் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக வந்து, நேராக அதே நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும். தனிநபர் பெயரில் யுபிஐ ஐடி வந்தால் அது திருட்டுக் கடை.

இனி, மாட்டிக்கொண்டவர்களுக்கு. ஆப்பை உடனே அழித்துவிடாதீர்கள். பலர் பதற்றத்தில் இதைச் செய்து சாட்சியத்தை இழக்கிறார்கள். முதலில் ஆப்பின் பெயர், கடன் விவரத் திரை, கட்டச் சொல்லும் யுபிஐ ஐடி, மிரட்டல் செய்திகள், அழைத்த எண்கள் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். பணம் வந்தது, போனது இரண்டின் யுடிஆர் எண்ணையும் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள அடையாள எண்) வங்கி ஸ்டேட்மென்டிலிருந்து குறித்து வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் அந்த ஆப்பின் அனுமதிகள் அனைத்தையும் நிறுத்தி, ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுங்கள். அக்சஸிபிலிட்டி பகுதியிலும் டிவைஸ் அட்மின் பகுதியிலும் அதன் பெயர் இருந்தால் அங்கேயும் அணையுங்கள். அணைக்காவிட்டால் சில ஆப்புகளை அழிக்கவே முடியாது. அதற்குப் பிறகுதான் அன்இன்ஸ்டால். ஏற்கெனவே போன பட்டியல் இதனால் திரும்பி வராது, புதிதாக எதுவும் போகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308-ஆம் பிரிவு, ஆபாசப் படம் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, 67ஏ. ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் ஆப்பைப் பற்றிப் புகார் செய்யலாம். ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும்தான். நிறுவனத்திடம் முதலில் புகார் கொடுத்து, 30 நாளில் தீர்வு வராவிட்டால் அங்கே போகலாம். பெயரே இல்லாத ஆப்புக்கு அந்தக் கதவு திறக்காது, நேரத்தை வீணாக்காதீர்கள்.

பணம் கட்டினால் நின்றுவிடுமா? நிற்காது. கட்டுகிறார் என்று தெரிந்தால் இன்னும் கேட்பார்கள். நாளுக்கு ஒரு யுபிஐ ஐடியில் வாங்கிக்கொண்டு "வரவே இல்லை" என்பார்கள். அந்தப் பணம் கடனுக்குத்தான் போனது என்று உங்களால் நிரூபிக்க முடியாது. "சிபில் கெட்டுவிடும்" என்ற மிரட்டலுக்கும் பயப்பட வேண்டாம். பதிவு பெறாத ஆப் சிபிலுக்கு எதையும் அனுப்ப முடியாது. மாறாக, உங்கள் பான், ஆதாரை வைத்து வேறெங்காவது உங்கள் பெயரில் கடன் எடுத்திருக்கிறார்களா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும்.

மார்ஃப் செய்த படத்தைக் காட்டி மிரட்டினால் ஸ்டாப்என்சிஐஐ என்ற தளம் உதவும், 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் அடையாளம் மட்டும் எடுக்கப்பட்டு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுக்கப் பயன்படும். மனம் உடைந்து போகிற அளவுக்கு வந்தால் தயவுசெய்து மனநல உதவி எண் 14416-க்கோ, தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104-க்கோ பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். இந்தக் கும்பலால் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த அவமானம் உங்களுடையது அல்ல, திருடனுடையது.

அவர்கள் செய்தி அனுப்பும் முன் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். "என் போன் தொடர்புகள் ஒரு மோசடி ஆப்பால் திருடப்பட்டுவிட்டன, என் பெயரில் படமோ செய்தியோ வந்தால் திறக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள், போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன்" என்று ஸ்டேட்டஸிலும் குடும்பக் குரூப்பிலும் அலுவலகத்திலும் போடுங்கள். அவர்களுடைய ஒரே ஆயுதம் மறைந்திருக்கும் பயம். நீங்களே சொல்லிவிட்டால் பாதி பலம் போய்விடும். வாட்ஸ்அப்பில் ப்ரொஃபைல் படத்தை மறைத்து, குரூப்பில் சேர்க்கும் உரிமையை உங்கள் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். ஃபேஸ்புக் நண்பர் பட்டியலையும் மூடுங்கள்.

உறவினர் ஒருவரைப் பற்றி இப்படி ஒரு செய்தி உங்களுக்கு வந்தால், அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். "என்னப்பா இது" என்று அவரைத் திட்டவும் வேண்டாம். அனுப்பிய எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவருக்கு மட்டும் கொடுங்கள். பிறகு அந்த எண்ணை ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். அந்த ஸ்க்ரீன்ஷாட் அவர் புகாரோடு இணைக்க வேண்டிய சாட்சியம்.